அடியில் மண்டி நிற்குமா?

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றுப் பாலத்துக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு சிறிய பட்டறையில், சென்ற ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில், என் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுவதற்காகக் காத்திருந்தபோது நான் கண்ட ஒரு சிறு காட்சியே இந்தக் கட்டுரைக்கு வித்தாயிற்று. பழைய எண்ணெய் கரிய தாரையாக இறங்கித் தட்டில் நிரம்பி, கடைசிச் சொட்டும் வடிந்து, அடிப்போல்ட்டும் முறுக்கியாயிற்று. ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டுத் தொழில் பழக வந்திருந்த, மீசை அரும்பும் பருவத்து இளைஞன் ஒருவன், புதிய எண்ணெய் நிரம்பிய ஒரு லிட்டர் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்தான். மூடியைத் திருகுவதற்கு முன்னால் அதை இரு கைகளாலும் பற்றித் தோளுக்கு நேரே உயர்த்தி, பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழுமாகக் குலுக்கினான். நாற்பது ஆண்டுகளாக அந்தத் தொழிலிலே ஊறிப்போன பட்டறைக்காரர், வேறொரு வண்டியின் சங்கிலியிலிருந்து தலையை நிமிர்த்திச் சத்தம் போட்டார்.

"ஏலே, அது என்ன டானிக்கா? குலுக்காம ஊத்துல."

"அடியில மண்டி நின்னுரும்லா, அண்ணாச்சி?"

"மண்டியும் நிக்காது ஒண்ணும் நிக்காது. ஊத்து."

அவன் ஊற்றிவிட்டான். வண்டியும் கிளம்பிற்று. ஆனால் அந்தப் பையனுடைய வினா என்னோடு வீடுவரை வந்து, பல நாட்கள் என்னை விடாமல் இருந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி சொன்னது சரியான விடைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் காரணம் சொல்லப்படாத விடை, எத்தனை சரியானதாக இருந்தாலும், கேட்டவனுடைய மனத்தில் வேர் பிடிப்பதில்லை. அவன் முதலாளியின் கண் மறைந்ததும் மறுபடியும் குலுக்கத்தான் செய்வான். அதுவும் அற்பமான கேள்வி என்று தள்ளிவிடக் கூடியதன்று. ஒரு திரவத்துக்குள் கலந்திருக்கும் பொருள் அடியில் தங்குமா, தங்காதா என்னும் இந்த விசாரத்தில் ஐரோப்பாவின் மேதைகள் சிலர் தங்கள் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிட்டிருக்கிறார்கள்; அவர்களுள் ஒருவருக்கு அதற்காகவே நோபல் பரிசும் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். குலுக்கிவிட்டு ஊற்றுவது என்பதை நம்மவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது மருந்துப் புட்டியே. என் சிறுவயதில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கையில் காலிப் புட்டியோடு போவோம். கம்பவுண்டர் ஒரு பெரிய ஜாடியிலிருந்து மிக்ஸ்சரை ஊற்றி, எத்தனை வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டும்படி பல்பல்லாகக் கத்தரித்த காகித நாடாவைப் புட்டியின் விலாவிலே ஒட்டித் தருவார். தரும்போது, "நல்லாக் குலுக்கிட்டுக் குடிக்கணும்" என்று ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்லுவார். குலுக்காமல் குடித்தவனுக்கு முதல் நாள் வெறும் இனிப்புத் தண்ணீரும், கடைசி நாள் தாங்க முடியாத கசப்பும் வாய்க்கும். மருந்து அடியில் நிற்கிறது. அதை எழுப்பிக் கொள்ள வேண்டும். இதுவே புட்டி கற்பித்த பாடம்.

ஆனால் அந்தப் புட்டி இருந்த எங்கள் வீட்டிலேயே இதற்கு நேர்மாறான பாடமும் இருந்தது. கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வீட்டுக்கு வந்ததும், எங்கள் ஆச்சி அதைப் பீங்கான் ஜாடியிலே ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, முற்றத்து வெயிலில் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்திருப்பாள். விளையாட்டு வேகத்தில் எங்களில் யாராவது அந்த ஜாடியைத் தட்டிவிட்டால் அன்றைக்கு வீடே அதிரும். எண்ணெய் தெளிந்த பிறகு மேலாக இறுத்துத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, அடியில் நின்ற கசண்டை மாட்டுக்காரனிடம் கொடுத்துவிடுவாள். இங்கேயும் அடியில் ஒரு வஸ்து நின்றது. ஆனால் அது எழுப்பிக் கொள்ள வேண்டிய மருந்தன்று, ஒதுக்கிவிட வேண்டிய அழுக்கு.

ஆகவே குலுக்கலாமா என்று கேட்பவன் அதற்கு முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அடியில் நிற்பதாக நாம் நினைப்பது மருந்தா, கசண்டா? எஞ்ஜின் எண்ணெய் விஷயத்தில் இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் இருந்திருக்கின்றன.

மாட்டு வண்டிக் காலத்திலிருந்து தொடங்கலாம். பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் கட்டித் தொங்கும். அதில் ஆமணக்கெண்ணெயிலே வைக்கோல் கரியைக் குழைத்த மசகு இருக்கும். தூரப் பயணம் புறப்படுமுன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, அச்சில் அந்த மையைத் தடவுவார்கள். கரி கனமானது, எண்ணெயோ அதைத் தன்னுள் கரைத்துக்கொள்வதில்லை. ஓரிரு நாள் அசையாமல் நின்றால் மேலே எண்ணெயும் கீழே கரிக்குழம்புமாகப் பிரிந்துவிடும் என்பதால், குழாயிலேயே கிடக்கும் குச்சியால் ஒரு கிண்டு கிண்டிய பிறகே வண்டிக்காரன் மையை எடுப்பான். அவன் செய்தது முற்றிலும் சரி. அந்த மசகில் அடியில் நின்றது மருந்து.

அதற்குப் பிறகு வந்தது இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம். ஸ்கூட்டரும், ஓசூரில் பிறந்து 1980 முதல் நம் கிராமத்துச் சந்துகளிலெல்லாம் புகுந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50-உம், பால்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லாரையும் சுமந்த காலம் அது. அந்த வண்டிகளின் எஞ்ஜினுக்கென்று தனியான எண்ணெய்த் தொட்டி கிடையாது; பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே ஊற்ற வேண்டும். லிட்டருக்கு இருபது மில்லி, பழைய வண்டிகள் சிலவற்றுக்கு அதனினும் மிகுதி. பெட்ரோல் பங்கில் டூ-டி ஆயிலை அளந்து ஊற்றிவிட்டு, பெட்ரோலையும் விட்டுவிட்டு, வண்டிக்காரர் மூடியைத் திருகி, கைப்பிடியைப் பிடித்து வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுவதைப் பார்க்காத தமிழர் அந்த நாளில் இருந்திருக்க மாட்டார். அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் இருந்தது. எண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது; ஊற்றியதும் நேரே தொட்டியின் அடிக்குப் போய்க் குழாயின் வாயருகே நின்றுகொள்ளும். கலக்காமல் கிளம்பினால் கார்புரேட்டருக்குள் முதலில் போவது பெரும்பாலும் எண்ணெயாகவே இருக்கும். கால் மைல் போவதற்குள் பிளக் கரி பிடித்து வண்டி நின்றுவிடும். நடுரோட்டில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டியதுதான். நன்றாக ஒருமுறை கலந்துவிட்டால் பிறகு அவை பிரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே குலுக்கியது கலப்பதற்காக. படிந்ததை எழுப்புவதற்காக அல்ல.

1985-இல் நூறு சி.சி. ஹீரோ ஹோண்டா வந்ததற்குப் பிறகு நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகின. எண்ணெய் பெட்ரோலை விட்டுப் பிரிந்து எஞ்ஜினுக்குள்ளே தனக்கென ஓர் இடம் பெற்றது. ஆனால் கைகளின் ஞாபகம் மனத்தின் ஞாபகத்தைவிட நீண்டது. தந்தையின் ஸ்கூட்டரைத் தந்தையோடு சேர்ந்து ஆட்டிய சிறுவர்கள் வளர்ந்து மெக்கானிக்குகளானார்கள். அவர்களிடம் தொழில் கற்றவர்களுக்கு அந்த அசைவு மட்டும் வந்து சேர்ந்தது, அதன் காரணம் வந்து சேரவில்லை. அந்த இளைஞனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் கையில் இருந்தது மூன்று தலைமுறையின் நியாயமான பழக்கம். டப்பாவுக்குள் இருந்த பொருள்தான் மாறிவிட்டது.

அப்படி என்ன மாறிவிட்டது என்பதே இந்தக் கதையின் ரசமான பகுதி. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மோட்டார் எண்ணெய் என்பது மண்ணெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய கனத்த பாகத்தைச் சுத்தம் செய்து, வெறுமனே புட்டியில் அடைத்தது. அதில் கலப்பும் கிடையாது, ஆகவே பிரிவும் கிடையாது. 1930-களில் டீசல் எஞ்ஜின்கள் டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் வந்தபோது அந்த வெறும் எண்ணெய் தோற்றுப்போயிற்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் கரியும் பிசினுமாக ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. அதைக் கழுவிக்கொண்டே ஓடும்படி எண்ணெயில் சோப்புப் போன்ற சேர்மானங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன: இரும்போடு இரும்பு உராயும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தை உண்டாக்கும், துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப் பொருள், கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே மிதக்கவைக்கும் பொருள், உஷ்ணத்தில் எண்ணெய் நீர்த்துப் போகாமல் காக்கும் ரப்பர் இனத்து நீண்ட மூலக்கூறுகள், துருவைத் தடுப்பது, நுரையை அடக்குவது. இன்று நாம் வாங்கும் ஒரு லிட்டரில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு, சென்னை மணலியில் 1969 முதல் இயங்கிவரும் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்து மெழுகு நீக்கிய மூல எண்ணெய். எஞ்சியது இந்தச் சேர்மானங்கள்.

பையன் அஞ்சியது இவற்றைக் குறித்தே. இத்தனை சரக்கைச் சேர்த்திருக்கிறார்களே, அவற்றில் கனமானவை அடியில் போய்ப் படியாதா? மிக இயற்கையான அச்சம். சேர்த்தவர்களுக்கும் அந்த அச்சம் முதலில் இருக்கத்தான் செய்தது. கிராஃபைட் என்னும் வழுக்குக் கரியை எண்ணெயில் நிரந்தரமாக மிதக்கவைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்னும் ஆராய்ச்சிக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரும்பாடு பட்டார். எகிப்தில் செங்கல் அறுக்கும்போது களிமண்ணோடு வைக்கோல் சேர்த்தார்கள் என்ற செய்தியை விவிலியத்தில் படித்த அவர், வைக்கோல் ஊறிய நீர் களிமண்ணைப் பதப்படுத்துவதைச் சோதித்துக் கண்டு, அதே உபாயத்தால், துவர்ப்புச் சத்தைச் சேர்த்து, கிராஃபைட்டைப் படியாத நுண்பொடியாக்கினார். நம் வண்டிக்காரன் வைக்கோலைக் கரியாக்கி எண்ணெயில் போட்டுக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்த அதே பிரச்சினைக்கு, உலகத்தின் மறுகோடியில் மற்றொருவர் வைக்கோலிலிருந்தே வேறொரு விடையைக் கண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்கிறது. இன்றைக்கு எண்ணெய்ச் சேர்மானத் தொழிலில் உலகப் புகழ் பெற்றிருக்கும் லூப்ரிஸால் நிறுவனமும், 1928-இல் கிளீவ்லாண்ட் நகரில், எண்ணெயில் கிராஃபைட்டை மிதக்கவிட்டு விற்கும் ஒரு சிறு கடைச்சரக்கோடுதான் பிறந்தது.

படியாமல் இருப்பதன் ரகசியம் என்ன? சேர்மானங்களில் மிகப் பல எண்ணெயில் உண்மையாகவே கரைந்துவிடுபவை. பாலில் போட்ட சர்க்கரை கரைந்த பிறகு எத்தனை நேரம் வைத்தாலும் அடியில் இறங்குவதில்லை அல்லவா, அதுபோல் அவையும் இறங்குவதில்லை; அவற்றைப் பொறுத்தமட்டில் பேச்சே முடிந்தது. ஆனால் கழுவும் சேர்மானத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிப்பதற்காக அதனுள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட், வைக்கப்பட்டிருக்கிறது. சாக்கட்டியும் அதுதான், கிளிஞ்சலும் அதுதான். எண்ணெயில் அது கரையவே கரையாது. ஆகவே அதை ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ அந்த அளவு சிறிய மணிகளாக்கி, ஒவ்வொரு மணியைச் சுற்றியும் எண்ணெயோடு உறவாடும் மூலக்கூறுகளை ஓர் உறைபோலப் போர்த்திவிடுகிறார்கள்.

இத்தனை சிறியதாக்குவதால் என்ன பிரயோஜனம் என்பதற்கு 1851-இல் வெளியான ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸின் விதி விடை சொல்கிறது. திரவத்தில் விழும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடும். நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நம் ஊர் வெயிலில் வண்டி எண்ணெய் தண்ணீரைவிட நூறு மடங்குக்கும் மேலாகக் குழகுழப்பானது. அதில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு விட்டமுள்ள சுண்ணாம்புத் தூசி விழுந்தால், ஒரு நாளைக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கும். அரை வாரத்தில் டப்பாவின் அடியைத் தொட்டுவிடும். சேர்மானத்து மணியோ அந்தத் தூசியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அதன் வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஓர் ஆண்டு முழுவதும் அசையாமல் வைத்தாலும் அது இறங்கக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பாகம். தலைமயிரின் கனத்தைக்கூட எட்டாத தூரம்.

அந்த அற்ப தூரத்தையும் அது ஒழுங்காக இறங்குவதில்லை. 1827-இல் ராபர்ட் பிரௌன் என்னும் தாவர சாஸ்திரி, நீரில் மிதக்கும் மகரந்தத்தின் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை நுண்ணோக்கியில் கண்டார். உயிரற்ற தூளும் அப்படியே துடித்தது. திரவத்தின் மூலக்கூறுகள் நாற்புறமும் இடித்துக்கொண்டே இருப்பதனால் வரும் துடிப்பு அது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணித ரீதியாக விளக்கினார். பின்பு பாரிஸ் நகரில் ழான் பெரேன் என்பவர் ஒரு மரத்தின் மஞ்சள் பிசினை நுண்ணிய மணிகளாக்கி நீரில் விட்டு, நுண்ணோக்கியை ஒவ்வொரு மட்டமாக உயர்த்தி, எந்த உயரத்தில் எத்தனை மணிகள் நிற்கின்றன என்று ஆயிரக்கணக்கில் எண்ணினார். மணிகள் அடியில் குவிந்துவிடவில்லை. பொதிகை மலையில் ஏற ஏறக் காற்று எப்படிச் சிறிது சிறிதாக இளைக்கிறதோ அப்படியே அவையும் கீழிருந்து மேலாகப் படிப்படியாகக் குறைந்து நின்றன. அணு என்பது கற்பனையன்று, பிரத்தியட்சம் என்று ஐயுறவாளர்களும் ஒப்புக்கொண்டது இந்த எண்ணிக்கைக்குப் பிறகே. 1926-இல் பெரேனுக்கு நோபல் பரிசு வந்தது. "அடியில மண்டி நின்னுரும்லா" என்று கேட்ட அந்தப் பையன், தான் அறியாமலே, பெரேன் கேட்ட கேள்வியைத்தான் கேட்டான். டப்பாவுக்குள் அவன் கை செய்ய முயன்ற குலுக்கலை, உஷ்ணம் என்னும் கண்ணுக்குத் தெரியாத கை, இரவும் பகலும் ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது.

இதை வெறும் நம்பிக்கைக்கு விட்டுவிடுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. எண்ணெயை விதிக்கப்பட்ட குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும் மாறி மாறி உட்படுத்தி, அது ஒரே சீராக நிற்கிறதா, வேறு எண்ணெய்களோடு கலந்தால் பிரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே, பொருள்களின் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு ஒரு சோதனையை வகுத்திருக்கிறது.

ஆயினும் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டுமானால் ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். நுரையை அடக்குவதற்காகச் சேர்க்கும் சிலிகோன் எண்ணெய் இருக்கிறதே, அது வேண்டுமென்றே கரையாத பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கரைந்துவிட்டால் நுரைக்குமிழியின் தோலை அதனால் கிழிக்க முடியாது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவிலே, நுண்ணிய துளிகளாக அது தூவப்பட்டிருக்கிறது. எண்ணெயைவிட அது சற்றுக் கனமானது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி, என் கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கும். ஆகவே பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த டப்பாவில் இந்த ஒரு சரக்கு அடியை நோக்கி நகர்ந்திருக்கக் கூடும். குலுக்குகிறவர்களின் பக்கத்தில் நியாயம் உண்டென்றால் அது இந்த ஒரு புள்ளியில்தான். அங்கும் அவர்கள் கை செய்யக்கூடியதைப் பல மடங்கு நன்றாகச் செய்ய எஞ்ஜின் காத்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஆயில் பம்ப் அடியிலிருக்கும் எண்ணெயை உறிஞ்சி, துளைகளின் வழியே தலைக்கு ஏற்றி, மறுபடியும் கீழே வடியவிடுகிறது. இருக்கும் எண்ணெய் முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் பலமுறை சுற்றி வந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் கியர்ச் சக்கரங்களும் கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயைக் கடைகின்றன. மத்தால் கடையப் போகிற தயிரைக் கரண்டியால் கலக்கி வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

மாலிப்டினம் டைசல்பைட் என்னும் கரிய பொடி மிதக்கும் சேர்மானங்களைச் சிலர் தனி டப்பாவாக வாங்கி எண்ணெயோடு சேர்ப்பதுண்டு. அவற்றில் குலுக்கிவிட்டு ஊற்றும்படி எழுதியிருக்கும். எழுதியபடி செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே அடியில் நிற்பது மருந்து. கிளட்ச் எண்ணெயில் முழுகி ஓடும் இருசக்கர வண்டிக்கு அதைச் சேர்த்தால் கிளட்ச் வழுக்கக்கூடும் என்பது வேறு விஷயம்.

இனி, குலுக்குவதனால் கெடுதல் உண்டா என்று கேட்கலாம். காற்றுக் குமிழிகள் புகுந்துவிடும் என்று சிலர் மிகவும் அஞ்சுகிறார்கள். ஓடும் எஞ்ஜினில் காற்றுப் புகுவது பொல்லாததுதான். 1883-இல் பூஷாம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ரயில்வண்டி அச்சுத் தாங்கி ஒன்றைச் சோதிக்கையில், மேலே போட்டிருந்த துளை வழியே எண்ணெய் பொங்குவதைக் கண்டு தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரமுளை அடித்தார், அதுவும் வந்தது. பாரம் முழுவதையும் உலோகம் தாங்கவில்லை, அழுத்தத்தில் நிற்கும் எண்ணெய்ப் படலமே தாங்குகிறது என்ற உண்மை அன்று வெளிப்பட்டது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். ஆகையால் படலத்தில் குமிழி கலந்தால் தாங்கும் வலிமை குன்றும். ஆனால் டப்பாவில் குலுக்கிய குமிழி அத்தனை நேரம் உயிரோடு இருப்பதில்லை. நல்ல எண்ணெய்க்குள் ஐந்து நிமிஷம் காற்றை ஊதி நுரைக்கவைத்துப் பிறகு பத்து நிமிஷம் சும்மா விட்டுப் பார்க்கும் சோதனையில், நுரை அனைத்தும் அடங்கிவிட வேண்டும் என்பது விதி. பையன் பன்னிரண்டு முறை குலுக்கியதில் புகுந்த காற்று, எண்ணெய் புனல் வழியே இறங்குவதற்குள் பாதி போயிருக்கும். எஞ்ஜினுக்கு மெய்யாகவே நுரை உண்டாக்குவது அளவுக்கு மேல் ஊற்றுவது. எண்ணெய் மட்டம் உயர்ந்து, சுழலும் கிராங்க் அதைத் தொட்டு அடிக்கத் தொடங்கினால் நுரை நிற்காது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டவே கூடாது.

ஆகவே எஞ்ஜினுக்குக் குலுக்கலால் நன்மையும் இல்லை, சொல்லத்தக்க தீமையும் இல்லை. அப்படியானால் குலுக்கினால் குலுக்கட்டுமே என்று விட்டுவிடலாமே என்றால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குலுக்கலால் கெடுவது எண்ணெயன்று, சாட்சியம். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

நல்ல எண்ணெயில் அடியில் ஒன்றும் நிற்காது என்று இத்தனை நேரம் பார்த்தோம். அப்படியானால் ஒரு டப்பாவின் அடியில் ஏதாவது நின்றால், அது எதைக் காட்டுகிறது? அந்த எண்ணெய் நல்லதாக இல்லை என்பதைக் காட்டுகிறது. மண்டி என்பது அங்கே தூங்குகின்ற மருந்தன்று. மருந்தாக இருந்து கெட்டுப்போனது, அல்லது தொடக்கத்திலிருந்தே அழுக்கு. தண்ணீர் புகுந்தால் நுண்மணிகளின் உறை குலைந்து, அவை ஒன்றோடொன்று திரண்டு அடியில் இறங்கும். அப்படி இறங்கியதைக் குலுக்கினால் பார்வைக்குக் கலங்கி ஒன்றாகுமே தவிர, கலைந்த உறை திரும்ப வந்து போர்த்திக்கொள்ளாது. போலி எண்ணெயிலோ இன்னும் மோசம். பழைய கழிவெண்ணெயை வெளுக்கவைத்து, பெயர் பெற்ற டப்பாக்களின் வெற்றுக்கூடுகளிலே அடைத்து விற்கும் பாதகம் நாட்டில் நடக்கிறது. கடை அலமாரியில் சில வாரம் அசையாமல் நின்ற அத்தகைய டப்பா தன் குற்றத்தைத் தன் அடியிலேயே எழுதி வைத்திருக்கும். அதைக் குலுக்குகிறவன் அந்த எழுத்தைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறான்.

பேரலிலிருந்து அளந்து விற்கும் சில்லறை எண்ணெயில் இந்த அபாயம் மிகுதி. இருநூற்றுப் பத்து லிட்டர் பேரலை மழை படும் இடத்தில் நிமிர்த்தி வைத்தால், அதன் தலைப்பகுதியில் நீர் குளம் கட்டும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கால் வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மேலே நிற்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரல் மூச்சு விடுகிறது என்றே இதைச் சொல்லலாம். இதனால்தான் பேரலைக் கூரையடியில், படுக்கையாக, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது மூடிகளை உட்புறத்தில் எண்ணெயே அணைத்து நிற்பதால் மூச்சுக்கு வழியில்லை. நீர் புகுந்த எண்ணெயைக் கலக்கினால் பாலூற்றிய தேநீர்போல் வெளிறிவிடும். கலக்காமல் வைத்திருந்தால் நீர் அடியில் தனியே பிரிந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இதை எல்லாம் சிந்தித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஆச்சியின் ஜாடியே மீண்டும் மீண்டும் ஞாபகம் வந்தது. எஞ்ஜின் எண்ணெய்க்குப் பொருந்தும் பாடம் மருந்துப் புட்டியிடம் இல்லை, அவளிடம்தான் இருந்தது. வாங்கும்போது முத்திரை உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பார்க்க வேண்டும். மூடி திறக்காத டப்பாவுக்கு, வெயில் படாமல் வைத்தால், ஐந்து ஆண்டு ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லுகிறார்கள். அசைக்காமல் எடுத்து, நிதானமாக ஊற்றி, கடைசி விரற்கடை எண்ணெய் வரும்போது கையைச் சற்று நிறுத்தி அதை உற்றுப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் அதையும் ஊற்றலாம். திரியாகவோ பொடியாகவோ கலங்கலாகவோ ஏதேனும் வந்தால், கடைசி விரற்கடையை மட்டுமன்று, ஊற்றியதையும் வடித்துவிடுவதே முறை. ஒரு லிட்டர் எண்ணெயின் விலை ஓர் எஞ்ஜினின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட வேண்டும். வெற்று டப்பா முழுமையாகக் கிடைக்காவிட்டால் போலிக்காரனுக்கு வியாபாரம் இல்லை.

அடுத்த முறை எண்ணெய் மாற்றப் போனபோது ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெளியே போயிருந்தார். அந்த இளைஞன் மட்டும் இருந்தான். சுண்ணாம்பு மணியையும் ஆச்சியின் ஜாடியையும் பற்றி நான் சொன்னதையெல்லாம் போல்ட்டை முறுக்கிக்கொண்டே கேட்டான். பிறகு டப்பாவை எடுத்தான். அவன் கைகள் பழைய வழக்கப்படி தோள்வரை உயர்ந்தன, பாதியில் நின்றன. மூடியைத் திருகி, புனலின் ஓரத்தில் சாய்த்து, நூல்போல இறங்கும்படி ஊற்றலானான். கடைசியில் ஒரு வாய் மிச்சம் இருக்கையில் டப்பாவை நிமிர்த்தி, வாசற்பக்கம் போய், மழை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

"ஒண்ணுமில்ல சார். தெளிவா இருக்கு."

திரும்பி வந்து மிச்சத்தையும் ஊற்றினான். அதன்பின் அலமாரியின் மேல்தட்டில், தூசி படிந்து, எத்தனை நாளாகவோ கிடந்த மற்றொரு டப்பாவை அசைக்காமல் மெல்ல இறக்கி, அதன் அடியைத் திருப்பித் தேதியைத் தேடத் தொடங்கினான்.